அடுப்பு இருக்கிறது, ஆள் இல்லை

நடப்புக் கணக்கை முடித்துக்கொள்ள விரும்புபவர் நிரப்பித் தரவேண்டிய படிவத்தில், ‘கணக்கை முடிப்பதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலோர் அதில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிடுவர். சிலர் வெறுமையாகவே விட்டுவிடுவர். நாங்களும் வற்புறுத்துவதில்லை. சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில், மும்பை மாட்டுங்காவில் நான் பணியாற்றும் கிளைக்கு வந்த பெரியவர் ஒருவர், படிவத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தி, “நீங்களே எழுதிவிடுங்கள் சார். ஆள் இல்லை என்று எழுதுங்கள்” என்றார்.

அவர் மூன்று தலைமுறையாக நடந்துவந்த ஓர் உடுப்பி ஓட்டலின் உரிமையாளர். வாடிக்கையாளரின் விவரங்களை வெளியிடலாகாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே அவருடைய ஒப்புதலைப் பெற்று, பெயரையும் அடையாளங்களையும் நீக்கி இதை எழுதுகிறேன். இதில் உள்ள கருத்துகள் என்னுடையவை, வங்கியினுடையவை அல்ல.

மாட்டுங்காவை அறிந்தவர்களுக்கு அந்த ஓட்டலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள தெருக்களில் அதுபோன்றவை பல இருந்தன. சில இன்றும் இருக்கின்றன. பளிங்குக்கல் பதித்த மேசைகள், கல்லாப்பெட்டிக்கு மேலே ஊதுவத்தி புகையும் கிருஷ்ணர் படம், காலை ஆறு மணிக்கே தெரு முனைவரை வந்துவிடும் சாம்பார் மணம். அந்தப் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அது அன்றாடப் பழக்கம். பெண் பார்த்துவிட்டு வந்து அங்கேதான் காபி குடித்தனர். மகன் வேலையில் சேர்ந்த அன்று அங்கேதான் மைசூர்ப்பாகு வாங்கினர். பெரியவரும் தமிழை அந்த மேசைகளில்தான் கற்றுக்கொண்டார். துளுவிலும் தமிழிலும் ‘அண்ணா’ ஒன்றே என்பதால், அவரை அழைப்பதில் எனக்கு ஒருபோதும் தடுமாற்றம் இருந்ததில்லை.

ஓட்டல் மூடப்பட்ட செய்தி பரவியதும் பகுதியில் இருவிதப் பேச்சு எழுந்தது. கட்டடம் பழைய பகடி வாடகை முறையில் உள்ளது. மாத வாடகை சொற்பம். இடத்தின் மதிப்போ பெரிது. எனவே நல்ல விலை வந்தது, மூடிவிட்டார் என்றனர் சிலர். இதை நான் முழுவதும் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய வரவு செலவைக் கண்டவன் என்ற முறையில், இலாபம் இருந்தது என்றும், இடம் கேட்டு வந்தவர்களை அவர் பல ஆண்டுகள் திருப்பி அனுப்பினார் என்றும் அறிவேன். 22 பேர் வேலை செய்த இடத்தில் 9 பேர் மிஞ்சி, மாலைச் சிற்றுண்டி நின்று, பின்னர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நின்ற பிறகுதான் அவர் இடத்தைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது பேச்சு, “இக்காலத்தில் எவருக்கும் உடம்பு வணங்கி வேலை செய்ய மனமில்லை” என்பது. இதைச் சொன்னவர்களுள் பெரும்பாலோர் என்னைப்போல நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்கள். இக்கூற்றைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். மறுப்பதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், அன்றைக்கு ஆள் எப்படிக் கிடைத்தது என்பதைப் பார்க்கவேண்டும். பழைய தென் கன்னட மாவட்டத்திலிருந்து பம்பாய்க்கு வந்த சிறுவர்கள்தாம் இந்த ஓட்டல்களின் அடித்தளம். பெரியவரின் தாத்தாவும் அவ்வாறு வந்தவரே. ஊர்க்காரர் ஒருவரின் ஓட்டலில் பாத்திரம் கழுவத் தொடங்குவர். அடுத்து மேசை துடைப்பர், பிறகு பரிமாறுவர். கை தேறியவர் அடுப்படிக்கும், கணக்குத் தெரிந்தவர் கல்லாவுக்கும் போவர். உணவு இலவசம், இரவில் உறக்கம் அதே ஓட்டலில். வேலை முடிந்தபின் கன்னட இரவுப் பள்ளிகளில் படித்தவர்கள் பலர். அப்படிப் படித்துவிட்டு எழுத்தராகச் சேர்ந்தவர்களும் உண்டு. நாலு காசு சேர்த்துத் தனியே ஓட்டல் வைத்தவர்களும் உண்டு. வேலை கடினமானதுதான். ஆயினும் அது ஓர் ஏணியாக இருந்தது. இன்று தட்டு கழுவுபவன் நாளை கல்லாவில் அமர்வான் என்பதற்கு, கல்லாவில் அமர்ந்திருந்த முதலாளியே சான்றாக இருந்தார்.

அந்த மாவட்டத்துக்கும் எங்கள் தொழிலுக்கும் உள்ள உறவை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கனரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் 1906-இல், கர்நாடகா வங்கி 1924-இல், சிண்டிகேட் வங்கி 1925-இல், விஜயா வங்கி 1931-இல் என்று ஐந்து வங்கிகள் அந்த ஒரு கரையோரப் பகுதியில் தோன்றின. 1928-இல் சிண்டிகேட் வங்கி தொடங்கிய ‘பிக்மி’ சேமிப்புத் திட்டத்தில், முகவர்கள் நாள்தோறும் வீடு வீடாகச் சென்று இரண்டணாவைக்கூடப் பெற்றுக்கொண்டனர். 1974-இல் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், அம்மாவட்டத்தின் குத்தகைதாரர் பலரை நிலத்துக்கு உரியவர்களாக்கியது. பள்ளிகள் பெருகின, வளைகுடா நாடுகளில் வேலை கிடைத்தது. மகன் தட்டு கழுவக்கூடாது என்பதற்காகத்தான் தந்தை தட்டு கழுவினார். அது நிறைவேறிவிட்டது. அந்த ஊர்களிலிருந்து இன்று சிறுவர்கள் வருவதில்லை என்றால், அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது? ஒரு தலைமுறை தன் உழைப்பால் எதை வாங்க விரும்பியதோ அதை வாங்கிவிட்டது, அவ்வளவே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ‘அந்தக் காலத்து விசுவாசமான ஊழியர்கள்’ என்று நாம் ஏக்கத்தோடு நினைவுகூர்பவர்களுள் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்கள். ஓட்டல்களிலும் தாபாக்களிலும் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது 2006 அக்டோபர் 10 அன்றுதான். நாம் மலிவாக உண்ட இட்லியின் விலையில் அவர்களுடைய குழந்தைப் பருவமும் அடங்கியிருந்தது. அந்த மலிவு திரும்ப வரவேண்டும் என்று நான் விரும்பவில்லை.

ஊர்ப் பையன்கள் நின்றபின், உத்தரப்பிரதேசம், பீகார், ஒடிசா, நேபாளம் ஆகிய இடங்களிலிருந்து ஆட்கள் வந்தனர். பெரியவரின் ஓட்டலும் அவர்களைக்கொண்டே இருபது ஆண்டுகள் நடந்தது. தோசைக்கல்லில் நின்ற தர்பங்கா இளைஞன் வார்த்த ரவா தோசையில் உடுப்பிக்காரரே குறை காணமாட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மே மாதத்தில் தொழிலாளர் சிறப்பு இரயில்கள் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். அதுவரை அவர்களுக்கு மூன்று வேளையும் உணவளித்ததைப் பெரியவர் பெருமையோடு சொல்வார், பெருமைப்படத் தக்கதுதான். ஆனால் திரும்பி வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. வந்தவர்களும் பழைய நிபந்தனையில் வேலைக்கு நிற்கவில்லை.

“சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தேன் சார். ஆனாலும் போய்விட்டார்கள்” என்றார் பெரியவர்.

“அவர்கள் என்ன கேட்டார்கள் அண்ணா?”

சற்று யோசித்தார். “படுக்க இடம் கேட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்டார்கள்.”

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு நாற்காலியில் இயல்பாக அமர்ந்திருக்க முடியவில்லை. நான் மேலே சொன்ன சொந்தக் காரணம் இதுதான்.

2014-இல் இதே கிளையில் கடன் பிரிவில் இளநிலை அதிகாரியாக இருந்தேன். அப்போது இந்த ஓட்டலை விரிவுபடுத்த 18 லட்சம் ரூபாய்க் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தது. நேரில் சென்று பார்த்து மதிப்பீட்டு அறிக்கை எழுதியவன் நானே. புதிய கிரைண்டர், நீராவி அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, இவற்றோடு மேல்தளத்தில் குளிரூட்டப்பட்ட குடும்ப அறை என்பது திட்டம். குளிரூட்டப்பட்ட அறை வந்தால் ஒருவரிடம் கிடைக்கும் வரவு உயரும்; தவணை எளிதாகத் திரும்பும். கணக்கு சரியாகவே இருந்தது. மேல்தளத்தை நான் பார்த்தேன். சாய்வான கூரையின் கீழ் சுருட்டி வைத்த பாய்கள், தகரப் பெட்டிகள், கொடியில் உலரும் சட்டைகள். இருபது பேர் உறங்கிய இடம் அது. என் அறிக்கையில் அதை ‘பயன்படாத மேல்தளப் பகுதி’ என்று குறிப்பிட்டேன். தொழிலாளர் என்ற தலைப்பின்கீழ், ‘தேவையான எண்ணிக்கையில் தடையின்றிக் கிடைப்பர்’ என்று ஒரு வரி எழுதினேன். அது எல்லா அறிக்கைகளிலும் நாங்கள் எழுதும் வரி. முந்தைய அறிக்கை ஒன்றிலிருந்து அப்படியே எடுத்தது என்றே நினைக்கிறேன்.

குளிரூட்டப்பட்ட அறை வந்தது. பாய்கள் கீழே இறங்கின. இரவு பதினொன்றரைக்கு மேசைகளை ஒதுக்கிவிட்டு, ஈரத்தரை காய்ந்தபின் படுக்கவேண்டும். பால் வண்டி வருவதற்குள் எழவேண்டும். பிற்பகல் மூன்று மணி நேர இடைவெளி ஓய்வாகக் கருதப்பட்டது. ஆனால் அந்த நேரத்தில் தலைசாய்க்க அவர்களுக்கு இடம் இல்லை. பூங்காவிலும் இரயில் நிலையப் பாலத்திலும் உட்கார்ந்திருந்தனர். முதலில் இளைஞர்கள் விலகினர், பின்னர் அனுபவசாலிகளும்.

கடன் ஒரு தவணைகூடத் தவறாமல் அடைபட்டது. எங்கள் ஏட்டில் அது ‘திருப்திகரமாக முடிவுற்ற கணக்கு’. கடன் திரும்பாவிட்டால் ஏன் என்று கேட்க எங்களிடம் பத்துப் பதினைந்து படிவங்கள் உள்ளன. கடன் திரும்பித் தொழில் அழிந்தால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

கல்லூரியில் வணிகவியல் பயின்ற நாளில் இருப்புநிலைக் குறிப்பை ஒரு தொழிலின் முகம் பார்க்கும் கண்ணாடி என்று கற்றோம். கிரைண்டர் அதில் சொத்து. ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து மதிப்பிடுகிறோம். முப்பது ஆண்டுகள் சாம்பார் வைத்தவர் அங்கே எங்கும் இல்லை. செலவுப் பக்கத்தில் ‘சம்பளம்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார். கிரைண்டரை வைக்க இடம் எங்கே என்று விண்ணப்பத்தில் கேட்கிறோம். அதில் மாவரைப்பவர் எங்கே உறங்குவார் என்று கேட்பதில்லை. இது கணக்கியலின் குற்றம் அன்று. அதைப் படித்துவிட்டு, படித்தது போதும் என்று இருந்த எங்களைப் போன்றவர்களின் குற்றம்.

“சொல்வது எளிது, சிறிய ஓட்டலுக்குக் கட்டுப்படியாகுமா?” என்று தொழில் செய்யும் வாசகர்கள் கேட்பீர்கள். ஒரு பேச்சுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 400 பேர் உண்ணும் ஓட்டல். மாதத்துக்கு 12,000 பேர். அன்றாடம் 12 ஆட்கள் தேவை. ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுப்பு தரவேண்டுமானால் 14 பேர் வேண்டும். கூடுதலான இருவருக்குத் தலைக்கு 18,000 ரூபாய் என்றால் மாதம் 36,000. உண்பவர் ஒருவருக்கு 3 ரூபாய். பதினால்வரும் தங்க அறைகள் எடுக்க மாதம் 60,000 என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 5 ரூபாய். இ.எஸ்.ஐ.-யில் முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 விழுக்காடு, அது ஒருவருக்கு 70 பைசாவுக்கும் குறைவு. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 20 பேருக்குக் குறைவான நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை, விரும்பிச் சேரலாம். சேர்ந்தால் ஏறத்தாழ 2 ரூபாய் 25 பைசா. எல்லாம் சேர்ந்து ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 11 ரூபாய்.

இந்த 11 ரூபாயைக் கண்டுதான் நாம் அஞ்சுகிறோம். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. வரும் என்பதற்காகப் பதிவேட்டில் ஒன்பதோடு நிறுத்துபவர்களையும், இருபதைத் தொடாமல் பத்தொன்பதில் நிற்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களே பின்னர் ஆள் கிடைக்கவில்லை என்று எங்களிடம் வருந்துகின்றனர். வார விடுப்பு என்பது கருணை அன்று. குறிப்பிட்ட எண்ணிக்கையிலும் அதற்கு மேலும் ஆட்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மகாராஷ்டிரச் சட்டம் விதித்திருப்பதே.

உண்பவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. தோசை விலையில் ஐந்து ரூபாய் ஏறினால் கல்லாவில் நின்று வாதிடுகிறோம். அதே தோசையைக் கைப்பேசியில் தருவித்தால் விநியோகக் கட்டணம், தளக் கட்டணம் என்று வருவதைக் கேள்வியின்றிக் கட்டுகிறோம். கியூஆர் பலகை வந்தபின் இன்னொன்றும் நிகழ்ந்தது. இதை ஒரு வங்கி அதிகாரி சொல்வது சற்று விந்தைதான். பில் 187 ரூபாய் என்றால் மிகச்சரியாக 187 செலுத்துகிறோம். முன்பு தட்டில் விட்டுச்சென்ற 13 ரூபாய் இப்போது இல்லை. ஒரு நாளில் பல மேசைகளில் சேர்ந்த அந்தச் சில்லறையே பரிமாறுபவரின் இரண்டாவது சம்பளமாக இருந்தது. அதைப் பறிக்கவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. நாம் அதைக் கவனிக்கவே இல்லை.

ஏணியைத் திரும்ப வைக்க முடியாது என்றும் நான் எண்ணவில்லை. 1957-இல் காபி வாரியம் தன் காபி நிலையங்களை மூட முடிவு செய்தபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினர். அந்த இந்தியன் காபி ஹவுஸ்களில் பல இன்றும் திறந்திருக்கின்றன. அங்கும் குறைகள் உண்டு. காலத்துக்கேற்ப மாறவில்லை என்ற குறை முதன்மையானது. எல்லா ஓட்டலும் கூட்டுறவாகிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூத்த சமையற்காரருக்கு இலாபத்தில் சிறு பங்கு தரலாம். இரண்டாவது கிளையைப் பரிமாறியவரின் பொறுப்பில் திறக்கலாம். அந்தப் பழைய சிறுவனுக்குக் கண்முன் தெரிந்த அடுத்த படி இன்றைய இளைஞனுக்கும் தெரியவேண்டும். பெரியவரின் மகன் புனேயில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். “அவனை நான் கூப்பிடவே இல்லை சார், இந்தக் கஷ்டம் அவனுக்கு எதற்கு?” என்று பெரியவரே சொன்னார். தம் மகனுக்கு வேண்டாம் என்று கருதிய வேலைக்குப் பிறர் மகன் வரவில்லை என்று வருந்துவதில் உள்ள முரணை, அவர் சொன்ன மாத்திரத்திலேயே உணர்ந்தார் என்று நினைக்கிறேன். சிறிது நேரம் பேசவில்லை.

நான் இப்போது முதுநிலை மேலாளர். ஓட்டல், உணவகம், இனிப்புக் கடை என்று எந்த விண்ணப்பம் வந்தாலும், வேலை செய்பவர்கள் எங்கே தங்குகின்றனர், எத்தனை ஆண்டுகளாக இருக்கின்றனர், சம்பளம் வங்கி வழியாகப் போகிறதா என்று கேட்டு எழுதச் சொல்கிறேன். எந்தச் சுற்றறிக்கையும் இதைக் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. தொழிலாளர் தங்குமிடத்தையும் திட்டச் செலவில் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று தொழில் செய்யும் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். குளிரூட்டப்பட்ட அறைக்குக் கேட்க நீங்கள் தயங்கியதில்லை. இதற்கும் தயங்க வேண்டாம்.

பெரியவர் கணக்கை முடிப்பதற்கு முன், அதில் இருந்த தொகையிலிருந்து எஞ்சிய ஒன்பது பேருக்கும் பணிக்கொடை அளித்தார். அதுவரை அவர்களுக்குச் சம்பளம் ரொக்கமாகவே தரப்பட்டுவந்தது. மூவருக்கு ஊரில் இருந்த கணக்குகள் பல ஆண்டுகள் இயக்கமின்றி முடங்கியிருந்தன. மூவரையும் கிளைக்கு அழைத்துவந்தார். ஆளுக்கொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டிலும் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டிலும் சேர்த்தோம். படிவங்களை நானே நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்தில் ‘ஓட்டல் பணியாளர்’ என்று எழுதத் தொடங்கியபோது, தோசைக்கல்லில் நின்ற அந்த இளைஞன் மெதுவாக என்னைத் தடுத்தான். திங்கட்கிழமை முதல் பைக்கில் உணவு விநியோகத்துக்குப் போகிறான். அதையே எழுதச் சொன்னான். இரவில் எங்கே தங்குவாய் என்று கேட்டேன். ஆன்டாப் ஹில்லில் நால்வர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருப்பதாகச் சொல்லி, முகவரியைத் தெளிவாக எழுதச் சொன்னான்.